முப்பத்து நான்காவது சுற்று

எட்மன்டனில் மைனஸ் முப்பத்தொன்று.
மில்வுட்ஸில் ஒரு வீடு:
மேலே தவராசா அண்ணரும் புஷ்பராணி அக்காவும்
பேஸ்மென்டில் நானும்
எனக்கு வந்த கிருமியும்.
இரண்டு குடித்தனத்துக்கும் உலை ஒன்றுதான்.
அது மூச்சு விடும்போதெல்லாம்
என் அறைக் காற்று தகரக் குழாய் ஏறி
அக்காவின் கட்டிலடியில் இறங்கும்.

அக்காவுக்கு நாலாவது கீமோ முடிந்து
ஒன்பது நாள்.

முதல் வேலையாகச் சுவர்த் துவாரங்களைச்
சீரியல் பெட்டி அட்டையால் மூடி
சாம்பல்நிற டேப் ஒட்டினேன்.
பிறகு இரண்டு ஜாக்கெட், ஒரு கம்பளி,
தலையணைக்குப் பக்கத்தில் சுடுதண்ணீர்ப் போத்தல்.

எனக்கு ஆய்வுகூடத்தில் இரவு வேலை.
ஊராரின் மூக்கில் தோய்ந்த பஞ்சுக்குச்சிகளை
யந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு
எண் வாசிப்பவள்.
தலைகீழான எண் அது,
குறைந்தால் கூட, கூடினால் குறைவு.
பதினேழாம் சுற்றிலேயே கோடு எழும்பினால்
அந்த மூக்கில் தேர்த் திருவிழா.
முப்பத்தைந்தில் எழும்பினால்
கொடி இறக்கி, கடை கட்டி,
வீதியில் கச்சான் கோது மட்டும்.

ஒக்சானா போன் எடுத்தாள்.
சொல்லக்கூடாது; சொன்னாள்.
"பத்தொன்பது."
மூன்று ஊசி போட்டுமா என்றேன்,
கேட்டுவிட்டு வெட்கப்பட்டேன்.
விடை தெரிந்தவள் கேட்கிற கேள்வியா அது?

ஊசி வாசலைப் பூட்டுவதில்லை.
வருவது குறையலாம்.
வந்துவிட்டால், முதல் இரண்டு நாள்
போடாதவர் வீட்டைப் போலவே இங்கும் மேளம் கேட்கும்.
பிறகுதான் வித்தியாசம்:
பாயைச் சுருட்டிக் கையில் கொடுத்து
நேரத்தோடு அனுப்பிவிடும்.
இதுவும் சராசரிக் கணக்கு.
சராசரிக்கு மூக்கு இல்லை.

மூன்றாம் நாள் படி உச்சியில் அண்ணரின் குரல்:
"பிள்ளை, ஊசி போட்டனீர்தானே, பிறகென்ன?
மேல வாரும், அக்கா கேட்டுக்கொண்டிருக்கிறா."
அன்றிரவே பிராம்டனிலிருந்து தம்பி அகிலன்:
"ஊசி போட்டும் வந்ததுதானே,
பிறகேன் அந்த ஊசி?"

ஒருவருக்கு அது மதில்.
ஒருவனுக்கு வெறும் தண்ணீர்.
இரண்டு பேருக்கும் என்னிடம் இருந்தது
ஒரே வாக்கியம்: நாட்கள் குறையும்.
மேடையேற்ற முடியாத வாக்கியம்.
தம்பி வைத்துவிட்டான்.
அண்ணரிடம் மட்டும்
"இன்னும் பெய்யுது அண்ணை" என்றேன்.
அவர் ஜன்னலைப் போய்ப் பார்த்திருப்பார்.
அன்று பனியில்லை.

ஏழாம் நாள் பக்கக் கதவால் வெளியே வந்தேன்.
என் மூச்சு வெள்ளையாய் எனக்கு முன்னே போனது.
வேலிவரை போய்க் கலைந்தது.
இத்தனை நாள் பயந்த பொருளைக்
கண்ணால் பார்த்துக்கொண்டே நின்றேன்,
அதற்குள் என்ன மிச்சமிருக்கிறது என்று தெரியாமல்.
மேல் ஜன்னலில் அக்கா,
மொட்டைத் தலையில் ஊதாத் தொப்பி.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
அவளுடைய மூச்சும் படிந்தது.

எட்டாம் நாள் ஒக்சானா: "முப்பத்து நான்கு."
மழை விட்டும் தூவானம் விடவில்லை என்று
தமிழில் சொல்லிவிட்டேன்.
திரும்பச் சொல் என்றாள்,
எந்த மொழியில் சொல்வது?
யந்திரத்துக்கு உயிரும் சடலமும் ஒன்று,
கச்சான் கோதையும் திருவிழாக் கணக்கிலேயே எழுதும்.
அனேகமாய்க் கோதுதான்.
அந்த அனேகமாய்க்காக
இன்னும் இரண்டு நாள் கீழேயே கிடந்தேன்.

பத்தாம் நாள் டேப்பை உரித்தபோது
சுவர்ப் பெயின்டும் சேர்ந்து வந்தது.
துவாரம் வழியாக முதலில் சூடு,
பிறகு வெந்தயம் வதங்கும் வாசம்.
"பெயின்ட் காசு வாடகையோட சேரும்" என்றார் அண்ணர்,
மாஸ்க்குக்குள் சிரித்தபடி,
நான் ஏறியதும்
ஒரு படி பின்வாங்கி நின்று.